எண்ணெயம்மா எடுத்து வைத்த மிச்சம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஐந்து லிட்டர் டப்பாவிலிருந்து சின்னக் குப்பிகளுக்கு அவள் வேலைக்கான மிஷின் எண்ணெய் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, பன்னிரண்டு பழுப்புக் குப்பிகளை வரிசையாக நிறுத்தினோம். நான் ஊற்றினேன். அம்மா மூடி போட்டாள். ஜன்னலோரத்தில் அப்பா மின்விசிறி ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"பாத்து ஊத்துடி. எம்.எஸ்ஸி. படிச்சவ ஊத்துற லட்சணம், பாதி எண்ணெயை பேப்பரே குடிச்சிடுச்சு."

"அப்ப நீயே ஊத்து. நான் மூடி போடறேன்."

"இத்தனை வருஷமும் நான்தான் ஊத்தினேன். இப்பதான் மூடி போடுற உத்தியோகம் கெடச்சிருக்கு. விட்டுக்குடுக்க மாட்டேன்."

வழக்கமான பிளாஸ்டிக் புனல் விரிசல் விட்டிருந்தது. இழுப்பறையின் அடியில் கிடந்த தகரப் புனலைத் துடைத்து, அதில்தான் ஊற்றினேன். டப்பாவில் கடைசியாக மிஞ்சியதை வீட்டுத் தையல் மிஷினுக்காகப் பதின்மூன்றாவது குப்பியில் பாதியளவு ஊற்றினேன். அம்மா புனலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அதன் ஓரத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"சரி, ஆச்சு. கை கழுவிட்டு வா," என்றாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஞாயிறு மதியம் இறந்தாள். வயது ஐம்பத்தெட்டு.

அவள் விழுந்தது தினமும் நிற்கும் நிறுத்தத்தில் அல்ல, சாலையின் எதிர்ச் சாரியில். அவளுடைய வேலையிடத்துக்கு நேர் எதிர்த் திசையில் போகும் பேருந்துகள் நிற்கும் இடம் அது. மருத்துவமனையில் விவரம் கேட்டு எழுதிய மருத்துவர், "காலையிலிருந்தே தடுமாற்றம் இருந்திருக்கலாம். எங்க போறோம்னே தெரியாம நின்னிருக்கலாம்" என்றார். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

"என்கூட நல்லாத்தானே பேசினா. டீ கழனித் தண்ணி மாதிரி இருக்குன்னு கூட சொன்னாளே. தடுமாற்றம் இருக்கறவ அப்படிச் சொல்வாளா? நான்தான் கவனிக்கலையோ?"

தினமும் ஒருமுறையாவது இதைக் கேட்டார். 

அம்மா ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் கல் தேய்த்தாள். இருபத்து மூன்று வயதில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவள். ஏற்கெனவே தேய்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிய ஆள் வரும்வரை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரம் முப்பத்தைந்து வருடம் ஓடியது.

அவளுடைய அறை தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே. உயரத்தில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம். இரண்டு சுழலும் சக்கரங்கள், ஒன்று இரும்பு, ஒன்று துணி போர்த்தியது. ஒரு மைக்ராஸ்கோப், சிரிஞ்சுகளில் அடைத்த, மெருகேற்றும் வைரத்தூள் பசை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் நீல ஏப்ரன். சுவரை ஒட்டி ஆழமில்லாத மர அலமாரி ஒன்று. அதில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் குழிகள்.

விண்கற்கள் அவளிடம் நகக்கண் அளவுத் துண்டுகளாக வரும். பிசினில் பதித்து, வெட்டி, முரட்டுத் தூளில் தொடங்கி மென்மையான தூள்வரை படிப்படியாகத் தேய்த்து, முகம் தெரியும்வரை மெருகேற்ற வேண்டும். மெருகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரே சோதனைதான். நான் பள்ளி விடுமுறையில் அங்கே போனால் துண்டை என் முன்னால் நீட்டுவாள்.

"மூக்கு தெரியுதா?"

"தெரியுது."

"அவ்வளவுதான் என் வேலை. மூக்கு நல்லா இல்லன்னா உங்கப்பாவைக் கேளு."

மெருகேறிய கல்லில் கறுப்புக்கு நடுவே வெண்கல நிறத்தில் மணிகள் மின்னும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு கனிமம். அம்மாவின் கல் பெரும்பாலும் இந்த மணிகளுக்காகவே தேய்க்கப்பட்டது. ஈயம், வெள்ளி, தாலியம் போன்ற சில தனிமங்களுக்குக் கந்தகத்தின் மேல் ஒட்டுதல் அதிகம். கல் உருவானபோது இவை பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று அந்த மணிகளுக்குள் போய்த் தங்கிவிட்டன. எது எவ்வளவு தங்கியது என்று அளந்தால், அந்தக் கல் எவ்வளவு சூட்டைப் பார்த்தது, எப்படி ஆறியது என்று சொல்லலாம். அளப்பதற்கு லேசரால் முடியைவிட மெல்லிய குழி போட்டு, கிளம்பும் புகையை ஒரு கருவிக்குள் இழுப்பார்கள்.

பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தேடும்போது, தேய்ப்பவளின் கையிலிருந்து எதுவும் கல்லுக்குப் போகக்கூடாது. கல்லிலிருந்து எதுவும் வெளியே போகவும் கூடாது. இந்த இரண்டாவதில்தான் அம்மா தவறினாள்.

அப்போது எனக்கு இரண்டு வயது. வெளியிலிருந்து இரவலாக வந்த ஓர் அபூர்வக் கல். அதில் இளம்பழுப்பு நிறத்தில் கால்சியம் சல்பைடு மணிகள் சில இருந்தன. பூமியில் இயற்கையாக அதைப் பார்ப்பது மிக அரிது. காரணம் எளிது, தண்ணீர் பட்டால் போய்விடும். யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. எல்லாக் கல்லையும்போல அதையும் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். பத்து நிமிடத்தில் அறையில் அழுகிய முட்டை நாற்றம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணிகள் இருந்த இடத்தில் வெறும் பள்ளங்கள்.

வேறொருவராக இருந்தால் மூச்சு விடாமல் அடுத்த கல்லை எடுத்திருப்பார்கள். அம்மா இரண்டு இரண்டு படியாக மாடியேறி, வகுப்பெடுத்துக்கொண்டிருந்த பேராசிரியரைக் கதவருகே கூப்பிட்டாள்.

"சார், கல்லு நாறுது."

"என்ன?"

"கல்லு நாறுது சார். நான் கெடுத்துட்டேன்."

பேராசிரியர் பதினைந்து நாள் அவளுடன் பேசவில்லை. அந்தக் கல்லின் கதை முழுவதும் அந்தப் பழுப்பு மணிகளில்தான் இருந்தது. திரும்பிப் பார்க்க வேறு துண்டும் இல்லை, வந்ததெல்லாம் தேய்ந்துவிட்டது. பதினாறாவது நாள் அவர் கீழே இறங்கி வந்தபோது, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷின் எண்ணெயில் ஏதோ ஒரு சாதாரணக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்து, நீர் கலக்காத ஆல்கஹாலில் கழுவினாள். அவரிடம் நீட்டினாள்.

"மூக்கு தெரியுதா சார்?"

அவர் சிரித்தார் என்று அம்மா சொல்வாள். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன், "சிரிக்கல, மொறைச்சார்" என்பார். எப்படியோ எண்ணெய் நிலைத்தது. அந்த எண்ணெயை ஆய்வுக்கு அனுப்பிச் சுத்தம் என்று உறுதி செய்தார்கள். அதன் பிறகு சல்பைடு உள்ள எந்தக் கல்லிலும் அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. 'எண்ணெயம்மா' என்ற பெயரை வைத்தது லேத் அண்ணன்தான்.

அந்தத் தவறிலிருந்து இன்னொரு பழக்கமும் வந்தது. எந்தக் கல் வந்தாலும், பிசினில் பதிப்பதற்கு முன் மிளகு அளவு ஒரு துணுக்கை உடைத்து, எதுவும் படாமல் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடிவிடுவாள். மர அலமாரியின் குழிகள் அதற்குத்தான். அதற்கு அவள் வைத்த பெயர் 'மிச்சம்'. யாரும் கேட்டதில்லை. எந்த விதிமுறையிலும் இல்லை. "நான் கெடுத்தா திரும்பிப் பாக்க ஒண்ணு இருக்கணும்ல" என்பாள்.

நான் வேதியியல் படித்துக் குடிநீர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். தண்ணீரில் ஈயம், ஆர்சனிக், காட்மியம் அளப்பது என் வேலை. சாப்பிடும்போது அம்மாவும் நானும் பிபிஎம் கணக்கு, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, பேசுவோம். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. பக்கம் போய்விடுவார்.

"இவ தண்ணியில என்ன இருக்குன்னு பாக்குறா. நான் தண்ணியே படாம பாத்துக்கறேன். பொருத்தமான குடும்பம்," என்பாள் அம்மா.

துறையில் இப்போது விண்கல் ஆய்வை நடத்துபவரை அம்மா 'டாக்டரம்மா' என்றே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதை நம்பி முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வந்தார்.

"அவங்க கல்லுக்கு மட்டும்தான் பாப்பாங்க," என்றாள் அம்மா.

"கிட்னியில வர்ற கல்லுக்கா?"

"வானத்துலேந்து வர்ற கல்லுக்கு."

அவர் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, "அதுக்கு ஏன் வைத்தியம்?" என்றார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள்.

அம்மா போய் ஒன்பது வாரம் கழித்து டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தயக்கம்.

"உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் பேசல. அம்மா கடைசியா தேய்ச்ச கல்லை அளந்தோம். சல்பைடு மணியில ஈயம் ரொம்ப அதிகமா வருது. வழக்கமா ஒண்ணு ரெண்டு பிபிஎம்தான் இருக்கும். இதுல நாப்பது."

"எல்லா மணியிலயுமா?"

"பத்துல எட்டுல. நிஜமா இருந்தா பெரிய விஷயம். சூடு ஏறினா ஈயம் தங்காது, முதல்ல கிளம்பிப் போறதுல அதுவும் ஒண்ணு. இவ்வளவு தங்கியிருக்குன்னா, இந்தக் கல் பொறந்த நாள்லேந்து பெரிய சூட்டையே பாக்கலைன்னு அர்த்தம். அப்படி ஒண்ணு எங்க கைக்கு வந்ததே இல்ல. ஆனா..."

ஆனால் அவர் அந்தக் கணக்கைச் சரிபார்க்க அனுப்பிய நிபுணர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். தேய்த்தபோது ஈயம் ஏறியிருக்கலாமே? சுத்தமான மணியாக இருந்தால் லேசர் உள்ளே போகப் போக மேல் அழுக்கு மறைந்து உண்மை தெரிந்துவிடும். இந்தக் கல்லின் மணிகள் முழுக்க மயிரிழை விரிசல்கள். எண்ணெய் அடிவரை இறங்கியிருக்கும். மேலே அழுக்கு, உள்ளே உண்மை என்று பிரிக்க வழியில்லை.

"மிச்சம் இருக்கான்னு அலமாரியில பாத்தேன். இந்தக் கல்லோட நம்பர் இருநூத்திப் பதினாலு. குழி காலியா இருக்கு. எடுத்து வைக்க மறந்துட்டாங்க போல. கடைசி நாள்கள்ல கொஞ்சம் தடுமாற்றம் இருந்ததுன்னு சொன்னாங்களே..."

காலண்டர் ஓரத்தில் 214 என்று எழுதினேன்.

"மாசக் கடைசியில கல்லைத் திருப்பி அனுப்பணும். கூடவே ஒரு குறிப்பும் எழுதணும். எதுவும் தெரியலைன்னா, 'மெருகிடும்போது மாசுபட்டது'ன்னுதான் எழுத வேண்டியிருக்கும். எனக்கே மனசு வரல. அவங்க என்ன எண்ணெய் பயன்படுத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். ஊற்றியது நான்தான்.

தொலைபேசியை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். தகரப் புனல் அங்கேயே இருந்தது. அதன் ஓரத்தில், விளிம்பு முதல் மூக்குவரை, சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த கோடு. சாலிடர். பாதி தகரம், பாதி ஈயம். ஆய்வகத்தில் யாராவது இதில் ஒரு மாதிரியை ஊற்றியிருந்தால் நான் அவர்களை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பேன். வீட்டில், ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு பேசிக்கொண்டே ஊற்றிவிட்டேன்.

"இது எப்ப பத்தவச்சது?" என்று புனலைக் காட்டி அப்பாவைக் கேட்டேன். அப்பா எலக்ட்ரீஷியன். ஓய்வு பெற்ற பிறகும் சாலிடர் கோலும் கையுமாக இருப்பவர்.

"அதுவா? பத்து வருஷம் இருக்கும். ஓரம் பிரிஞ்சிடுச்சுன்னு உங்கம்மா தூக்கிப் போடப் பாத்தா. நான்தான் பத்தவச்சுக் குடுத்தேன். ஏன், ஒழுகுதா?"

"ஒழுகல."

"ஒழுகாது. நான் பத்தவச்சது," என்றார்.

பதின்மூன்றாவது குப்பி தையல் மிஷினின் பக்கத்தில் இருந்தது. அதை வேலைக்கு எடுத்துப் போனேன். மேலாளரிடம் அனுமதி கேட்டு, அமிலத்தில் எரித்துக் கரைத்து, மதிய இடைவேளையில் கருவியில் ஏற்றினேன். மூன்று முறை அளந்தேன். ஈயம் இருந்தது. தண்ணீராக இருந்தால் குடிக்கத் தகுதியற்றது என்று முத்திரை குத்தும் அளவைவிடப் பல மடங்கு. எண்ணெயோடு சாலிடர் துகளும் இறங்கியிருக்கிறது. விரிசல் விட்ட மணிக்குள் ஒரே ஒரு துகள் போனாலும் நாற்பது பிபிஎம்முக்குப் போதும்.

கழிப்பறையில் முகம் கழுவிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"தப்பு என்னோடது. அம்மாவோடது இல்ல. நான் ஈயம் பூசின புனல்ல ஊத்திட்டேன். எழுதறப்போ அதையே எழுதுங்க. அம்மா பேரை எழுதாதீங்க."



"பேரெல்லாம் எழுதற வழக்கம் இல்லைங்க," என்றார். "ஒண்ணு செய்யுங்க. நான் எழுதறதுக்கு முன்னாடி ஒருதடவை அவங்க ரூமுக்குப் போய்ப் பாருங்க. மேசை மேல எந்தக் குப்பி இருக்குன்னு. துறை ரிஜிஸ்டர்ல தேதியும் நம்பரும் மட்டும்தான் இருக்கு. அந்த ரூமுல எதையும் தொட எங்க யாருக்கும் மனசு வரல."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். லேத் அண்ணன் சாவியை வாங்கித் திறந்துவிட்டார். அறை மாறாமல் இருந்தது. சக்கரங்களின் மேல் துணி போர்த்தியிருந்தது. மேசையில் ஒரே ஒரு பழுப்புக் குப்பி, அடியில் இரண்டு விரல் அளவு எண்ணெய். மற்ற பதினொன்றைத் தேடினேன். கீழ்த் தட்டு, மேல் தட்டு, கழுவு தொட்டியின் அடி. இல்லை.

"எதைத் தேடுறே?"

"எண்ணெய்க் குப்பி அண்ணா. இதே மாதிரி. அம்மா கொண்டு வந்திருப்பாங்க, மொத்தம் பன்னெண்டு."

"அட, அது என்கிட்டல்ல இருக்கு."

நான் திரும்பினேன்.

"திங்கக்கிழமை காலையில ஒரு பை நிறைய தூக்கிட்டு வந்தாங்க. 'இந்தா, உன் லேத்துக்கு வச்சுக்க'ன்னாங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல இந்த எண்ணெயம்மா எனக்கு ஒரு சொட்டு எண்ணெய் குடுத்ததில்ல, என்னிக்கும் இல்லாத திருநாளா பன்னெண்டு குப்பி! 'என்னம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா'ன்னு கேட்டேன்." தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவர் நிறுத்திக்கொண்டார். "சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேம்மா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'நல்ல எண்ணெய்தான், என் கல்லுக்கு ஆகாது, உன் இரும்புக்கு ஆகும்'னாங்க. 'ஏன் ஆகாது'ன்னேன். 'என் பொண்ணு பாசமா ஊத்திட்டா, அவகிட்ட சொல்லிடாதே, மொகம் வாடிடுவா'ன்னாங்க." தலையைச் சொறிந்தார். "இப்ப சொல்லிட்டேன்."

பன்னிரண்டு குப்பிகளும் அவர் பட்டறைத் தட்டில் இருந்தன. மூன்று காலி. ஒன்பது திறக்கவே இல்லை. என் கையெழுத்தில் எழுதி ஒட்டிய தேதிச் சீட்டுகள். அப்படியானால் மேசையில் இருந்தது பழைய குப்பி. அதன் அடிச் சீட்டில் அம்மாவின் எழுத்தில் போன வருடத் தேதி இருந்தது.

கதவுக்குப் பின்னால் நீல ஏப்ரன் தொங்கியது. பையில் ஏதோ கனமாக இருந்தது. கையை விட்டேன். உள்ளங்கை அளவு நோட்டு, எண்ணெய்க் கறையில் தாள்கள் ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு மூன்று வரி. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்:

'214. விரிசல் அதிகம். எண்ணெய் உள்ளே போகும். பழைய குப்பியிலேயே முடித்தேன். புதுசு வேண்டாம், புனலில் ஈயம். எண்ணெய் சுத்தம் என்று நான் சொன்னால் போதாது. தேய்க்காத மிச்சத்தை டாக்டரம்மா நேராகப் பார்க்கணும். வெள்ளி காலை லேசர் கட்டடத்துக்குக் கொண்டுபோய்க் கையில் குடுக்கணும். தபாலில் வேண்டாம்.'

நான் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தேன். பிறகு அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து மூன்றாவது முறை படித்தேன்.

லேசர் கருவி இருக்கும் கட்டடம் துறையில் இல்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நேராக அங்கே போக வேண்டுமென்றால் எதிர்ச் சாரியில் நின்றுதான் பேருந்து ஏற வேண்டும்.

லேத் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்தார். இந்த அறைக்குள் தண்ணீர் டம்ளரோடு வந்துவிட்டோமே என்று வாசலிலேயே தயங்கி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வெளியே போய்க் குடித்தேன்.

பழைய குப்பியின் எண்ணெயை அன்று மாலையே அளந்தேன். ஈயம் கண்டறியப்படவில்லை. எண்ணெயே சேர்க்காத வெறும் அமிலத்துக்கும் அதற்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. காகிதத்தில் அச்செடுத்து டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அப்ப தேய்ச்சதுல ஏறல." குரல் வேகமாக இருந்தது. "மிச்சம் கிடைச்சா முடிஞ்சிடும். புதுசா உடைஞ்ச முகத்துல எண்ணெயே படாம அளந்துடலாம். அதுலயும் நாப்பது வந்தா, கேள்வி கேட்டவங்களுக்குப் பதில் அம்மாவே சொல்லிட்ட மாதிரி. எங்க இருக்கும் அது?"

"எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

மருத்துவமனையில் கொடுத்த அம்மாவின் கைப்பை அலமாரிக்கு மேல் இருந்தது. ஒன்பது வாரமாக நானும் தொடவில்லை, அப்பாவும் தொடவில்லை. அதை இறக்கி மேசைமேல் வைத்தேன். அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். கண்ணாடிக் கூடு, சாவி, சீப்பு, கைக்குட்டை. கைக்குட்டைக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் சுண்டுவிரல் நுனியளவு கண்ணாடிக் குப்பி. 214. உள்ளே மிளகு அளவு கறுப்புத் துணுக்கு. விழுந்ததில் குப்பி உடையவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. அம்மாவுடையதைப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைந்தது. 'வெள்ளி காலை' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பக்கம் போறதுக்குத்தான் அந்தப் பக்கம் நின்னிருக்கா."

"ஆமாப்பா."

"தடுமாறல."

"இல்லப்பா. எங்க போறோம்னு நல்லா தெரிஞ்சுதான் நின்னிருக்கா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு நோட்டை மீண்டும் எடுத்து, முந்தைய வரிக்குப் போனார்.

"'புனலில் ஈயம்'னு எழுதியிருக்காளே. என் புனலா?"

"உங்க புனல்தான். ஊத்தினது நான்."

"ஒரு வார்த்தை சொல்லல பாரு, ரெண்டு பேர்கிட்டயும்," என்றார். "டீயை மட்டும் வாய்க்கு வாய் குறை சொல்லுவா."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது அவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்க எதுக்குப்பா? நான் குடுத்துட்டு ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்."

"கையில குடுக்கணும்னு எழுதியிருக்கா. உன் கையை நம்ப முடியாது, நீ புனல்ல ஊத்துறவ."

"பத்தவச்சது யாரு?"

"அதான் நானும் வரேன்."

சாலையைக் கடந்து எதிர்ச் சாரிக்குப் போனோம். அம்மாவின் கைப்பையை நான் வைத்திருந்தேன். குப்பி, பஞ்சு, கைக்குட்டை எல்லாம் அவள் சுற்றியபடியே. அப்பா நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு பேருந்து வரும் திசையைப் பார்த்தார்.

"உள்ள இருக்கற துணுக்குல அந்த நாப்பது வருமா?"

"தெரியாது. வரும்னு நினைக்கிறேன். வந்தா, டாக்டரம்மா இன்னிக்கு மத்தியானமே சொல்லிடுவாங்க."

"வரும்," என்றார், அது தன் சாலிடரைப் போல ஒழுகாத விஷயம் என்பதுபோல்.

எட்டு இருபதுக்குப் பேருந்து வந்தது. அப்பா முதலில் ஏறினார். பின்வரிசை காலியாக இருந்தது, அங்கே போகவில்லை. நடுவில், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே, அதிகம் குலுங்காத ஓர் இருக்கையாகப் பார்த்து, எனக்காக ஜன்னலோரத்தை விட்டு உட்கார்ந்தார்.